கம்பி வராத வீடு

மயில் மோதி லைன் போனது பதினொன்றே காலுக்கு.
செத்த மயிலுக்கு வனத்துறைக்காரர் வரவேண்டும்,
செத்த லைனுக்கு நான்.
நேமத்தான்பட்டிக்கு ஒரே அடைக்கலம், ஒரே ஏணி.

முதல் போன் மலேசியாவிலிருந்து.
"வீட்டில் வெள்ளைக்காரர் தங்கியிருக்கார், அடைக்கலம்.
அவருக்கு வேர்த்தால் நமக்குத்தான் கேவலம்."
உமையாளுக்குப் பின்னால் ஏசி ஓடும் சத்தம்.

டிரான்ஸ்பார்மரில் ப்யூஸ் போட்டேன்.
தெருவுக்கு வந்துவிட்டது, அந்த வீட்டுக்கு வரவில்லை.
கொல்லைப் பக்கமாக உள்ளே போனேன்.
எப்போதும் கொல்லைதான்.
மெயின் போர்டு முகப்பில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அவருக்கு வேர்க்கவே இல்லை.
இரண்டாம் கட்டில் தூணடியில் கால் நீட்டி
வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார்.
ஆர்வின் ட்ராயர். ஒஹாயோ. சோளக்காட்டு ஊராம்.
வரவேற்பில் இருக்கும் ரெஜினா
அவர் பேச்சைத் துண்டு துண்டாக எனக்குத் தந்தாள்.

"பதினேழு வயது வரைக்கும் எங்கள் வீட்டில்
ஒருநாள்கூடக் கரண்ட் போனதில்லை."

கொடுத்துவைத்தவர் என்று ஏணியைச் சாய்த்தேன்.
"வந்ததே இல்லையாம், அண்ணே" என்றாள் ரெஜினா.

கம்பம் வேலிக்கு வெளியே வரிசையாகப் போனதாம்.
காசு இல்லாமல் இல்லை. வேண்டாம் என்று.
குதிரை வண்டி, மண்ணெண்ணெய் விளக்கு, கொக்கி மாட்டிய சட்டை.
அப்பா படம் இருக்கிறதா என்று கேட்டேன்.
யாரும் எடுத்ததில்லை.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
கொக்கி போட்டுத் திருடியவனைத் தெரியும்.
மூன்று வருஷம் மனுவோடு அலைந்த வள்ளிக்கண்ணுவைத் தெரியும்,
லைன் கொடுத்த அன்றைக்கு
குண்டு பல்புக்குத் திருநீறு பூசினார்.
வேண்டாம் என்றவர்களை எனக்குத் தெரியாது.

தேக்குப் பட்டைக்குள் எலி கடித்திருந்தது நியூட்ரலை.
அவர் எழுந்து வந்து டார்ச் பிடித்தார், கை ஆடாமல்.
பிடித்தபடியே மீதியைச் சொன்னார்:
ஒரு மாசி மாதம் போல, நல்ல பனியில்
கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது.
மாட்டு டாக்டரைக் கூப்பிட ஆறு மைல் குதிரையில் போய்
திரும்புவதற்குள் பசுவும் போயிற்று.
அப்பா கொட்டிலுக்குள் ஒரு போன் வைத்தார்.
எடு என்றது சபை.
எடுக்கவில்லை.

அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதற்கு
ரெஜினாவிடம் சொல் இல்லை, திணறினாள்.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
எங்கள் பக்கம் அதற்குச் சொற்கள் நிறைய.

அடிக்கவில்லை, திட்டவில்லை. வழியில் பார்த்தால் சிரித்தார்கள்.
சாப்பாட்டு நேரத்தில் மட்டும்
அப்பாவின் மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள்.
நாலு விரல்கடை இருக்கும்.
பார்க்க ஒன்றுபோலத் தெரிய
இரண்டுக்கும் சேர்த்து ஒரே விரிப்பு.

"விரிப்புக்கு அடியில் அந்தச் சந்துக்குள்
நான் கையை விட்டுப் பார்ப்பேன்" என்றார்.
டார்ச் அப்போதுதான் ஆடியது.

கம்பியை முறுக்கினேன், டேப் சுற்றினேன்.
போடட்டுமா என்றேன்.
கொஞ்சம் பொறு என்று கை காட்டினார்.
வானவெளியிலிருந்து இறங்கிய வெயில்
முற்றத்தில் ஒரு சதுரமாகக் கிடந்தது.
அணில் ஒன்று அதைக் குறுக்கே கடந்தது.

சாப்பாடு வந்தது. பெரிய மேஜை, பன்னிரண்டு நாற்காலி.
இன்னொன்றை இழுத்துப் போட்டு என்னைப் பார்த்தார்.
சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.
பொய். என் தூக்குவாளி பைக்கில் தொங்கியது.
ரெஜினா அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை.
அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவுமில்லை.

மெயினைப் போட்டேன்.
ஆள் இல்லாத இருபது அறைகளில்
யார் யாரோ அணைக்காமல் போன விசிறிகள்
தூசியை உதறிச் சுற்ற ஆரம்பித்தன.
மேஜை விரிப்பு படபடத்தது.
அவர் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்,
பார்த்துவிட்டுச் சிரித்தார்.

போர்டிலிருந்து இறங்கியவன்
முகப்பு வழியாகவே வெளியே வந்துவிட்டேன்.
வேண்டுமென்றா, மறந்தா, தெரியவில்லை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
என் செருப்பு கொல்லையில் கிடக்கிறது.
உச்சி வெயிலில், தோளில் ஏணியோடு,
வெறுங்காலில்
முழு வீட்டையும் சுற்றி நடந்தேன்.